வந்த தேதி

மண்டபத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே
ஒரு பரோட்டா கடை, ஒரு ஏடிஎம்,
இரண்டுக்கும் நடுவில் விரலகலம் கடல்.
அதைத் தாண்டிப் போக
என்னென்ன வேண்டும் என்று எனக்கு மனப்பாடம்:
இன்னும் ஆறு மாதமாவது உயிரோடிருக்கும் பாஸ்போர்ட்,
வெள்ளைப் பின்னணியில் சிரிக்காத முகம்,
திரும்பி வந்துவிடுவேன் என்பதற்கு டிக்கெட்,
கையிருப்பு, தங்குமிடம்,
முப்பது நாளுக்கு மேல் ஆசைப்பட மாட்டேன் என்று
ஒரு கட்டத்தில் டிக்.

காலையில் வந்த கோயம்புத்தூர் தம்பதிக்கு
இருபது நிமிடம் ஆனது.
வருகையின் நோக்கம்: சுற்றுலா.
கலர் பிரிண்டோடு மதுரைக்குக் கிளம்பினார்கள்,
விமானம் ஏற.
"இங்கருந்தே தெரியுமாமே?" என்றார் அந்த அம்மா.
செல்போனுக்குத் தெரியும் என்றேன்.
அரிச்சல்முனையில் நின்று உயர்த்திப் பிடித்தால்
அந்த நாடு உங்களை வரவேற்று மெசேஜ் அனுப்பும்,
ஒரு கேள்வியும் கேட்காமல்.

மேரி நிரோஜினி வந்தபோது மணி நாலு.
கரண்ட் போய்த் திரும்பியிருந்தது.
முகாம்காரி.
பிறந்தது இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்,
தொண்ணூற்றிரண்டு ஐப்பசி மழையில்.
பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு,
எப்போதாவது ஒரு "ஓம்" மட்டும்
வாய் தவறி விழும்.

பேசாலையில் அவள் அம்மாவுக்கு ஒரு காணி.
பனை பதினேழு, கிணறு ஒன்று,
குறுக்கே முள்கம்பி ஓடிய தடம்.
அடுத்த மாதம் பன்னிரண்டுக்குள்
உரிமையாளர் நேரில் வர வேண்டுமாம்.
உரிமையாளர் போன ஆடியில்
இங்கேயே கல்லறைக்குப் போய்விட்டார்.
மகள் வந்தாலும் போதுமாம்.

மூன்று தடவை சென்னைக்கு அலைந்து
அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டாள்.
ஒரு தாளிலும் முத்திரை இல்லை,
புதுப் பசை வாசம்.
"சொந்த நாட்டுக்குப் போக விசா எதுக்கும்மா?"
"உள்ள போறதுக்கு இல்லண்ணே,
வெளிய விடுறதுக்கு."

வெளியேறும் அனுமதி. பக்கம் ஒன்று.
பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர்
சரசரவென்று போனது.
இந்தியாவுக்குள் வந்த தேதி?
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
விட்டுவிட்டுப் போக முடியாது.

பொருந்தாது என்று அடித்தேன்.
எழுத்து ஆகாது, எண் வேண்டும் என்றது.
எல்லாம் சைபர் போட்டேன்.
அப்படியொரு நாள் இல்லை என்றது.
அவள் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில்
படகிலிருந்து இறங்கிய தேதியைக் கொடுத்தோம்:
தொண்ணூறு, ஆகஸ்ட்.
பிறப்பதற்கு முன்னால் வந்திருக்க முடியாதே என்று
புத்திசாலித்தனமாகக் கேட்டது.

ஏழாவது முறை பக்கமே செத்துப்போனது.
மறுபடி பெயர், மறுபடி தகப்பன் பெயர்.
எதிரே முதல் கொத்துப் பரோட்டாவின் தாளம்
ஆரம்பித்துவிட்டது.
"பொறந்த தேதியவே போடுங்கண்ணே" என்றாள்,
"அன்னிக்குத்தான வந்தேன்."

போட்டேன்.
பச்சை விழுந்தது.
வந்த வழி: விமானம், கப்பல், தரை, மற்றவை.
அவள் முகத்தைப் பார்க்காமல்
மற்றவையைத் தொட்டேன்.

அடுத்த பக்கம் தானாகக் கணக்குப் போட்டது:
அனுமதியின்றித் தங்கிய நாட்கள்
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
அபராதம் அலுவலரின் முடிவுக்கு உட்பட்டது.
"பத்தாவது பரீட்ச எழுதின அஞ்சு நாளும்
இதுல சேத்தியா?"
என் தங்கச்சியும் அவளும் ஒரே ஹாலில் எழுதினார்கள்.
நான் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேற்கண்டவை உண்மை. ஆம், இல்லை.
"ஓம்" என்றாள்.
ஆமில் அழுத்தினேன்.

கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும் என்றாள்.
காசு வேண்டாம் என்றேன்.
ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்,
அவள் போன பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் ஒரு நண்டு வியாபாரிக்கு
ஏதோ மானியப் படிவம்.
தேதிக் கட்டத்தைத் தொட்டதும்
கம்ப்யூட்டர் தானாகவே நீட்டியது
அவள் வந்த நாளை.
அழித்தேன்.
மறுபடி நீட்டியது.